எண்டெபேயில் ஒரே நாள் லீவு: கம்பாலா ஓடணுமா, ஏரிக்கரையிலேயே இருக்கணுமா?

புதுத்தொப்பி | 14 ஜனவரி 2024, இரவு 8.10

காங்கோவில் கோமா பக்கம் நீலத்தொப்பி (ஐ.நா. அமைதிப்படை) டியூட்டி. பிப்ரவரி நடுவில் உகாண்டாவின் எண்டெபேயில் முழுசா ஒரு நாள் கைக்கு வருது. காலை 6 மணிக்கு கேட்டைத் தாண்டலாம், இரவு 8-க்குள் திரும்பிடணும். விசாரிச்ச இடத்திலெல்லாம் ஒரே பாட்டு: "எண்டெபே வெறும் ஏர்போர்ட் ஊர், ஒண்ணுமில்ல, தலைநகர் கம்பாலா போயிடு." நிஜமாவே அப்படித்தானா? ஏரியில் படகு, செருப்பு மாதிரி அலகுள்ள அந்த ஷூபில் பறவை, ஊர்ச் சாப்பாடு, இதில் எதெல்லாம் ஒரே நாளில் அடங்கும்? நான் சைவம், முட்டை மட்டும் உண்டு.

கிட்பேக் | 14 ஜனவரி 2024, இரவு 9.40

அந்தப் பாட்டைப் பாடுறவங்க எண்டெபேயில் ரன்வேயும் ஹோட்டல் ரூமும் மட்டும் பார்த்தவங்க. ஒரே நாள், அதிலும் 8 மணி கெடு இருந்தா கம்பாலாவை விட்டுடுங்க தம்பி.

தூரம் 40 கிலோமீட்டர்தான். 2018-ல் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் காலையில் போறது சுலபம். வில்லங்கம் திரும்பும்போதுதான். சாயங்காலம் 4 மணிக்கு மேல் கம்பாலாவை விட்டு வெளியே வர்ற வழியெல்லாம் அடைச்சுக்கும். எக்ஸ்பிரஸ்வே ஏறிட்டா வண்டி ஓடும். அதைத் தொடுற வரைக்கும் உள்ள நகரச் சாலையில்தான் உயிர் போகும். 8 மணிக்கு உள்ளே இருக்க வேண்டியவர் 3 மணிக்கே கிளம்பினாத்தான் நிம்மதி. அப்புறம் கம்பாலாவில் என்ன பார்த்தீங்கன்னு கேட்டா டாக்ஸி பார்க்கைத்தான் சொல்லணும்.

எண்டெபே ஒரு தீபகற்பம், மூணு பக்கமும் விக்டோரியா ஏரி. 1962-ல் சுதந்திரம் வரும்வரை காலனி அரசு உட்கார்ந்திருந்த ஊர். அதனாலதான் அகல ரோடு, வயசான மரங்கள், ஏரிக்கரையில் தோட்டம் எல்லாம் இங்கே. ஊருக்குள் எதுவும் எதிலிருந்தும் தூரமில்ல.

என் கணக்கு: விடியலில் மபாம்பா சதுப்பு நிலம், மதியம் சாப்பாடு, வெயில் இறங்கினதும் தாவரவியல் பூங்கா. மூணே மூணு. நாலாவதைச் சேர்த்தா முதலாவது கெடும்.

ஏரிக்காத்து | 15 ஜனவரி 2024, காலை 7.05

மபாம்பா எண்டெபேக்கு மேற்கே, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். 2006-லிருந்து ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்கள்) இருக்கு. போக மூணு வழி. எண்டெபே கரையிலேயே மோட்டார் படகு பிடிச்சா முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இல்லன்னா நகிவோகோ துறையில் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரை, அங்கிருந்து மண் ரோட்டில் அரை மணி. மூணாவது, காரிலேயே ம்பிகி ரோடு சுத்தி. ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆகும், மழை பெய்திருந்தா கடைசித் துண்டு சேறு. ஒரு நாள்தான் இருக்குன்னா முதல் வழி. ஃபெர்ரியில் உங்க நேரம் உங்க கையில் இருக்காது.

எதில் போனாலும் சதுப்புக்குள் நுழையிறது சின்ன மரத்தோணியில்தான். மூணு பயணி, ஒரு வழிகாட்டி, துடுப்புப் போடுறவர். பாப்பிரஸ் கோரை ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் நிக்கும், நடுவில் தோணி மட்டும் நுழையிற கால்வாய். தண்ணி குறைஞ்ச மாசத்தில் கழி ஊன்றித் தள்ளித்தான் போகணும், அப்போ அதே தூரத்துக்கு ரெண்டு மடங்கு நேரம்.

படகு பேசும்போது நாலு விஷயத்தை வாயால் சொல்ல வெச்சுடுங்க: விலை படகுக்கா, தலைக்கா, மரத்தோணியும் வழிகாட்டியும் அதில் சேர்ந்ததா, அங்கே காத்திருக்கிற நேரத்துக்குத் தனிக் காசு உண்டா, லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கு. கடைசிக் கேள்விக்கு "இருக்கு, இருக்கு"ன்னு பதில் வந்தா எடுத்துக் காட்டச் சொல்லுங்க. கொக்கி உடைஞ்சு கயிறால் கட்டினதெல்லாம் ஜாக்கெட் கணக்கில் வராது.

புதுத்தொப்பி | 15 ஜனவரி 2024, இரவு 7.50

நன்றி அண்ணா. 6 மணிக்கு வெளியே வந்து 6.15-க்கே படகு ஏறிடலாமா?

ஏரிக்காத்து | 15 ஜனவரி 2024, இரவு 8.30

பிப்ரவரியில் அங்கே சூரியன் உதிக்கிறதே 7 மணிக்குத்தான். நிலநடுக்கோட்டுப் பக்கம் பகல் வருஷம் பூரா 12 மணி நேரம்னு படிச்சிருப்பீங்க, சரிதான். ஆனா உதிக்கிற நேரம் மாசத்துக்கு மாசம் கொஞ்சம் நகரும். நவம்பரில் ஆறரைக்கே விடிஞ்சிடும். இருட்டில் ஏரியைக் கடக்காதீங்க. விளக்கில்லாத மீன்பிடிப் படகு, மிதக்கும் வலை, ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாது. 6.45-க்குத் துறையில் இருங்க, வெளிச்சம் வந்ததும் கிளம்பினா 8 மணிக்குள் சதுப்பில் இருப்பீங்க. 11 மணிக்குத் திரும்பக் கிளம்பிடணும்.

இன்னொண்ணு. இந்த ஏரியில் இடிமழை ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அதிகம். கரையில் மதியத்துக்கு மேல், தண்ணிமேல் ராத்திரி. ராத்திரி சுத்தியுள்ள நிலம் சீக்கிரம் குளிர்ந்திடும், ஏரி சூடாவே இருக்கும், நாலு பக்கக் காத்தும் ஏரி நடுவில் வந்து முட்டி மேலே ஏறும். அதனால கிளம்பும்போது வானம் கறுத்திருந்தா ஒரு மணி நேரம் கரையில் டீ குடிங்க. பணம் கொடுத்தாச்சேன்னு ஏறாதீங்க. 2018 நவம்பரில் இதே ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 30 பேருக்கு மேல் செத்தாங்க. அளவுக்கு மீறி ஆள் ஏத்தினாங்க, பல பேர் ஜாக்கெட்டே போடல.

கம்பாலா_ரசிகர் | 16 ஜனவரி 2024, மதியம் 1.15

ஒரு பறவைக்காக அரை நாளா? கம்பாலாவில் கசுபி கல்லறை இருக்கு: புகாண்டா மன்னர்கள் நாலு பேர் அடங்கிய இடம், 2010 தீயில் எரிஞ்சு திரும்பக் கட்டினது, யுனெஸ்கோ 2023-ல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. பழைய கம்பாலா குன்றில் தேசிய மசூதி. மினார் மேல ஏறினா நகரம் பூரா கண்ணுக்குக் கீழே. ஓவினோ சந்தை. இதையெல்லாம் விட்டுட்டு கோரைப்புல்லைப் பார்க்கச் சொல்றீங்க.

கிட்பேக் | 16 ஜனவரி 2024, இரவு 9.00

ரசிகரே, நீங்க சொன்ன மூணும் அருமை. ரெண்டு நாள் இருக்கிறவங்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். மினாருக்கு 300-க்கு மேல் படி. முட்டி வலி உள்ளவங்க குறிச்சுக்கோங்க. ஆனா தம்பிக்கு இருக்கிறது ஒரு நாள். ஓவினோவில் ஒரு சட்டை வாங்கிட்டு நெரிசலில் நின்னு 8 மணி தாண்டினா, அடுத்த லீவு எப்போன்னு கமாண்டர்தான் சொல்லணும்.

அப்படியும் போயே தீருவேன்னா: தனி வாடகைக் காரை அங்கே 'ஸ்பெஷல் ஹையர்'னுதான் கேட்கணும். 'டாக்ஸி'ன்னா அது நீலக் கட்டம் போட்ட வெள்ளை ஹையேஸ் வேன், 14 பேர், நிரம்பினாத்தான் நகரும். எக்ஸ்பிரஸ்வே டோல் காருக்கு 5,000 ஷில்லிங், 2022 ஜனவரியிலிருந்து வசூல். அது வாடகையில் அடக்கமான்னு ஏறும் முன்னே பேசுங்க. பேசலன்னா டிரைவர் அந்த 5,000-ஐ மிச்சம் பிடிக்கப் பழைய ரோட்டில் விடுவார், கஜ்ஜான்சி நெரிசலில் நிப்பீங்க.

மூணாவது_கியர் | 16 ஜனவரி 2024, இரவு 10.20

போடா-போடாவை (மோட்டார் பைக் டாக்ஸி) யாருமே சொல்லலையே? ஊருக்குள் அதைவிட வேகமா ஒண்ணும் கிடையாது. கண்ணை மூடிட்டு நின்னாலும் சத்தத்திலேயே தெரியும், பாதி பஜாஜ் பாக்ஸர், மிச்சத்தில் நம்ம ஓசூர் கம்பெனி டிவிஎஸ்.

கிட்பேக் | 16 ஜனவரி 2024, இரவு 10.45

வேகம்தான் பிரச்சனையே. ஐ.நா. ஆட்களுக்கு மோட்டார் பைக் டாக்ஸி பெரும்பாலும் தடை. விதியை மீறி ஏறி அடிபட்டா காலுக்குக் கட்டும் வரும், கூடவே விசாரணையும் வரும். சிவில் ஆளா வர்றவங்க ஏறினா ஹெல்மெட் கேளுங்க, ரெண்டு பேருக்கு மேல் ஏத்தினா இறங்கிடுங்க. தம்பி, உங்களுக்கு ஸ்பெஷல் ஹையர்தான். டிவிஎஸ்ஸைப் பார்த்து ஒரு சல்யூட் போட்டுட்டு நடங்க.

மருந்துப்பெட்டி | 17 ஜனவரி 2024, காலை 6.30

படகுன்னு படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. விக்டோரியா ஏரியில் பில்ஹார்சியாங்கிற புழு நோய் இருக்கு. நாணல், கோரை ஓரத்துக் கலங்கல் தண்ணியில் வாழும் நத்தையிலிருந்து வெளியேறும் புழு, தோல் வழியா சில நிமிஷத்தில் உள்ளே போயிடும். வெயில் ஏறின நடுப்பகலில் அது அதிகம் வெளியே வரும். குளிச்சாத்தான் வரும்னு இல்ல, முழங்கால் நனைய நின்னாலே போதும். தோணியில் ஏற இறங்க தண்ணியில் கால் வைக்க வேண்டாம். பலகை போடச் சொல்லுங்க, இல்லன்னா ரப்பர் பூட்ஸ்.

நனைஞ்சிட்டா? மறுநாளே பிராசிகுவான்டல் முழுங்கிட்டு முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க நிறைய. அந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், இளசு தப்பிச்சிடும். தண்ணியில் பட்டு 6 முதல் 8 வாரம் கழிச்சுப் பரிசோதனை, அப்புறம் டாக்டர் சொல்ற அளவில் மருந்து. நடுவில் காய்ச்சல், தோல் தடிப்பு, இருமல் வந்தா 'ஏரியில் நனைஞ்சேன்'னு வாயைத் திறந்து சொல்லணும், ஏன்னா ஊருக்குத் திரும்பினப்புறம் அங்குள்ள டாக்டருக்கு அது தோணாது.

புதுத்தொப்பி | 17 ஜனவரி 2024, இரவு 8.00

மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் போடுறேன். அன்னைக்கு ஒரு நாள் விட்டா?

மருந்துப்பெட்டி | 17 ஜனவரி 2024, இரவு 8.20

விடக் கூடாது. தினம் 100 மில்லிகிராம், அந்தப் பகுதியை விட்டு வந்தப்புறமும் நாலு வாரம். எண்டெபே ஏரிக்கரை ஊர், சுமார் 1,150 மீட்டர் உயரம்தான்; அந்த உயரம் கொசுவுக்குத் தடையே இல்ல.

நிஜமா உங்களைப் படுத்தப் போறது வேற. டாக்ஸிசைக்ளின் போடுறவங்க தோல் வெயிலைத் தாங்காது. நிலநடுக்கோட்டு வெயில், கீழே தண்ணியில் பட்டு எதிரொளிக்கிற வெயில், கூட இந்த மாத்திரை. மூணு மணி நேரத்தில் கைப்புறமும் பிடரியும் வெந்துடும். கறுப்புத் தோலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறது கதை. முழுக்கைச் சட்டை, பிடரி மறைக்கும் தொப்பி, சன்ஸ்கிரீன். மாத்திரையைச் சாப்பிட்டப்புறம் முழு டம்ளர் தண்ணியோட போடுங்க, அரை மணி நேரம் படுக்காதீங்க; தொண்டைக் குழாயில் ஒட்டினா புண்ணாக்கும். பால் டீயோட வேண்டாம்.

ஏரிக்காத்து | 18 ஜனவரி 2024, காலை 7.15

தேதியை மாத்த முடிஞ்சா இதையும் பாருங்க. அமாவாசையை ஒட்டி ஏரியிலிருந்து ஏரிப்பூச்சி கிளம்பும். தூரத்தில் பார்த்தா தண்ணி மேல புகைத்தூண் நிக்கும், கிட்ட வந்தா மூக்கு, வாய், காபி எல்லாத்திலும் பூச்சி. கடிக்காது, நோய் தராது. ஆனா படகில் வாயைத் திறக்க முடியாது. தை அமாவாசை பிப்ரவரி 9, அதிலிருந்து நாலைஞ்சு நாள் தள்ளிப் போங்க. மூஞ்சியில் சுத்த ஒரு மெல்லிய துண்டு எப்படியும் இருக்கட்டும்.

கிட்பேக் | 18 ஜனவரி 2024, இரவு 9.10

அமாவாசைக்கு எண்டெபேயிலும் வேலை இருக்கு பாருங்க.

சாப்பாட்டுக் கேள்வி பாக்கி. முட்டை சாப்பிடுறவருக்கு உகாண்டாவில் பயமே வேண்டாம், தெருவுக்குத் தெரு ரோலெக்ஸ். (டெப்டி சாரிடம் "ரோலெக்ஸ் வாங்கினேன்"னு மொட்டையா சொல்லாதீங்க, பணம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்பார்.) கரி அடுப்பு மேல வட்ட இரும்புக் கல். பிளாஸ்டிக் கப்பில் ரெண்டு முட்டை உடைச்சு, பொடியா நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி, உப்பு சேர்த்து அடிப்பாங்க. எண்ணெய் விட்ட கல்லில் ஊத்தி, வேகறப்பவே மேல ஒரு சப்பாத்தியைப் போட்டு அழுத்தித் திருப்பி, சுருட்டிக் கையில் கொடுப்பாங்க. அந்தச் சப்பாத்தி நம்ம வீட்டுச் சப்பாத்தி இல்ல. மைதா, எண்ணெய் தாராளம், வீச்சு இல்லாத பரோட்டா மாதிரி. விலை 3,000 ஷில்லிங் சுத்தி.

கவனிக்க வேண்டியது தக்காளி. சிலர் அதை முட்டையோட அடிக்காம, சுருட்டும் முன்னாடி பச்சையா உள்ளே வைப்பாங்க. எந்தத் தண்ணியில் கழுவினாங்களோ. "தக்காளியையும் வேக வை"ன்னு முதல்லயே சொல்லுங்க. கல் முன்னாடி கூட்டம் உள்ள கடையா பாருங்க. அங்கே சப்பாத்தி அன்னைக்குப் போட்டதா இருக்கும். எண்டெபேயில் கிடோரோ பக்கம் காலையிலும் ராத்திரியிலும் நிறையக் கடை.

உட்கார்ந்து சாப்பிட மட்டோக்கே: வாழைக்காயை இலையில் மூடி ஆவியில் வேகவெச்சு மசிச்சது, உப்புச்சப்பில்லாம இருக்கும், அதுக்குத்தான் வேர்க்கடலைக் குழம்பு. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், கெட்டியா இருக்கும். சைவர்கள் இங்கே ஏமாறுவாங்க: குழம்பில் சில வீட்டில், சில கடையில் புகை போட்ட மீனோ, முகேனேங்கிற பொடிக் கருவாடோ சேர்ப்பாங்க. "இறைச்சி இருக்கா"ன்னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும், ஏன்னா அவங்க கணக்கில் மீன் இறைச்சி இல்ல. "மீன் இருக்கா, முகேனே இருக்கா"ன்னு தனியா கேளுங்க. பீன்ஸ் குழம்பு பெரும்பாலும் பாதுகாப்பு.

கம்பாலா_ரசிகர் | 19 ஜனவரி 2024, மதியம் 12.40

ஒப்புக்கறேன், ரோலெக்ஸ் எண்டெபேயிலும் கிடைக்கும். ஆனா ஏர்போர்ட் ஊர்னு சொல்றதில் என்ன தப்பு? ஊரின் பேரே உலகத்துக்குத் தெரிஞ்சது 1976 ஜூலையில் இஸ்ரேல் கமாண்டோக்கள் வந்து, கடத்தப்பட்ட விமானத்தின் பிணைக்கைதிகள் எல்லாரையும் மீட்டதில்தானே. பழைய டெர்மினலைப் பார்க்கலாமா?

கிட்பேக் | 19 ஜனவரி 2024, இரவு 8.50

'எல்லாரையும்' இல்ல. 102 பேர் மீட்கப்பட்டாங்க. சண்டையில் பிணைக்கைதிகள் மூணு பேர் இறந்தாங்க. கம்பாலா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த டோரா பிளாக்ங்கிற மூதாட்டியை அப்புறம் அப்போதைய அதிபர் இடி அமீனோட ஆட்கள் கொன்னாங்க. கமாண்டோ தரப்பில் இறந்தவர் யோனத்தன் நெதன்யாகு.

பழைய ஏர்போர்ட் பக்கம் ராணுவ விமானதளம். நினைச்ச நேரம் போய்ப் பார்க்கிற இடமில்ல. கேமராவைத் தூக்கினீங்கன்னா லீவு அங்கேயே முடியும். விமான நிலையம், ஜனாதிபதி மாளிகை, சீருடையில் உள்ள யாரும், செக்போஸ்ட்: போனைப் பையில் போட்டுடுங்க. இதோட சேர்த்து, சிவில் உடுப்பில் போறப்ப கேமஃப்ளாஜ் டிசைன் உள்ள எதுவும் வேண்டாம். தொப்பி, பை, அரைக்கால் சட்டை எதுவானாலும். உகாண்டாவில் சிவிலியன் அந்த டிசைன் போடுறது குற்றம், டூரிஸ்ட்டும் விலக்கில்ல. நம்ம பசங்க கிட்பேக்கை அப்படியே தோளில் மாட்டிட்டுக் கிளம்புவாங்க, அதான் சொல்றேன்.

அதே ஏர்போர்ட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1952 பிப்ரவரியில் கென்யாவில் இருந்த எலிசபெத், அப்பா இறந்த செய்தி வந்ததும் எண்டெபே வந்து இங்கிருந்துதான் லண்டனுக்கு விமானம் ஏறினார், அரசியா.

மூணாவது_கியர் | 20 ஜனவரி 2024, காலை 9.00

நிலநடுக்கோட்டில் நின்னு போட்டோ எடுக்கிற இடம் உண்டே? வடக்கே ஒரு பக்கமா, தெற்கே எதிர்ப்பக்கமா தண்ணி சுழலும்னு காட்டுவாங்களாம்.

ஏரிக்காத்து | 20 ஜனவரி 2024, காலை 9.45

அது கயாப்வே. மசாகா ரோட்டில், கம்பாலாவிலிருந்து 75 கிலோமீட்டர் பக்கம். ஒரு நாள் திட்டத்தில் சேராது. தண்ணி சுழலறது வித்தை. கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நின்னா பூமி சுழற்சியின் விளைவு ஒரு பேசினைத் திருப்புற அளவுக்கு இருக்கவே இருக்காது. தண்ணியை எந்தப் பக்கமா ஊத்தறாங்க, பேசினைத் தூக்கிட்டு எந்தப் பக்கமா திரும்பறாங்கன்னு கையைக் கவனிங்க, கண்ணைக் கவனிக்காதீங்க. அவங்க பிழைப்பு, காசு கொடுத்து ரசிக்கலாம். கோடுதான் வேணும்னா, எண்டெபே கரையில் நின்னு தெற்கே பாருங்க, சில கிலோமீட்டரில் தண்ணிக்கு மேலயே போகுது.

புதுத்தொப்பி | 2 பிப்ரவரி 2024, இரவு 7.30

தேதி 15 பிப்ரவரின்னு உறுதியாச்சு. அமாவாசை தாண்டியாச்சு. பணம் பத்திச் சொல்லுங்க. கையில் டாலர் நோட்டுதான். ஷூபில் கட்டாயம் தெரியுமா?

கிட்பேக் | 2 பிப்ரவரி 2024, இரவு 9.15

பணம். 2009-க்கு முந்தைய டாலர் நோட்டை வாங்க மாட்டாங்க, சில இடத்தில் 2013-க்கு முந்தையதையே தள்ளுவாங்க. மடிப்புக் கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. 100, 50 டாலருக்கு நல்ல ரேட்; 10, 5, 1 டாலர் நோட்டுக்கு அதே கடையில் குறைச்சல். நமக்குத் தினப்படி 1.28 டாலர் கணக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதில் சில்லறையாச் சேர்ந்த நோட்டை இங்கே மாத்தாதீங்க. 2024 தொடக்கத்தில் டாலர் 3,700-லிருந்து 3,900 ஷில்லிங்குக்குள் போச்சு. அப்போ மனக்கணக்குக்கு ஷில்லிங்கை 45-ஆல் வகுத்தா ரூபாய். 50,000 நோட்டை ரோலெக்ஸ் கடையில் நீட்டினா சில்லறை தேடி அவர் தெருக்கோடி வரை ஓடுவார். 5,000, 2,000, 1,000 நோட்டா வாங்குங்க.

ஏரிக்காத்து | 3 பிப்ரவரி 2024, காலை 6.50

'கட்டாயம்'னு சொல்ற வழிகாட்டியை நம்பாதீங்க. ஆனா மபாம்பாவில் வாய்ப்பு நல்லாவே உண்டு, காரணம் மீன். ஷூபிலுக்குப் பிடிச்ச இரை நுரையீரல் மீன். அது மூச்சு வாங்கத் தண்ணிக்கு மேல வந்தே ஆகணும். பறவை ஆளில் பாதிக்கு மேல் உயரம், சாம்பல் நிறம், அந்த மீன் வர்ற வரைக்கும் ஒரே இடத்தில் அசையாம நிக்கும். அதனால ஒரு தரம் கண்ணில் பட்டா ஓடிடாது. தேடறதுதான் நேரம். முன்னாடியெல்லாம் இதைப் பார்த்தா அன்னைக்கு மீன் கிடைக்காதுன்னு மீனவர்கள் கொன்னுடுவாங்க. இப்போ அதே ஊர்க்காரங்க வழிகாட்டியா இருக்காங்க.

கேமரான்னா 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். டிரைபாட் வேண்டாம், தோணி ஆடும். காலை வெயில் கிழக்கே இருக்கிறதால தோணியைப் பறவைக்குக் கிழக்குப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்க, இல்லன்னா கறுப்பு உருவம்தான் பதியும். எழுந்து நிக்காதீங்க: பறவை போனா போகட்டும், தோணி கவிழும்.

அப்படியும் தெரியலன்னா எண்டெபேயிலேயே வனவிலங்கு மையம் இருக்கு. 1952-ல் தாயிழந்த விலங்குகளை வளர்க்க ஆரம்பிச்ச இடம், அங்கே வேலிக்குள் ஷூபில் உண்டு. நுழைவுச் சீட்டு உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு ஒண்ணு, மத்தவருக்கு ஒண்ணு. காங்கோ மிஷன் அட்டையை நீட்டி வசிப்பவர் விலை கேட்டு வரிசையை நிறுத்தாதீங்க.

கிட்பேக் | 6 பிப்ரவரி 2024, இரவு 8.40

பூங்காவுக்கு நாலு மணிக்குப் போங்க. 1898-ல் ஆரம்பிச்சது, சுமார் 40 ஹெக்டேர். ரப்பர், கோகோ, காபி எல்லாம் இந்த மண்ணில் பிழைக்குமான்னு பார்க்க வெள்ளைக்காரன் போட்ட பரிசோதனைத் தோட்டம். சரிவில் இறங்கினா கொடி பின்னின காட்டுத் துண்டு. 'டார்ஜான் படம் எடுத்த இடம்'னு வழிகாட்டி சொல்வார், தலையாட்டிட்டு வாங்க. மேலே கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள். கையைப் பாருங்க, கட்டைவிரல் இருக்காது, வெறும் முண்டு. இலை தின்னும், உங்க பையைச் சீண்டாது. பிஸ்கட்டைப் பறிக்கிறது கீழே திரியும் சாம்பல் குரங்கு. அதுக்கு முன்னாடி கவரைப் பிரிக்காதீங்க, சத்தம் போதும். ஏழு மணிக்கு இருட்டிடும், இருட்டினா கொசு, அதுக்குள் கிளம்பிடுங்க.

புதுத்தொப்பி | 11 பிப்ரவரி 2024, இரவு 9.00

கூட வர்ற பையன் ஒருத்தன், மதியம் செசே தீவுக் கப்பலில் ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வந்திடலாம்ங்கிறான். நேரம் இருக்குமா? ஊருக்கு எடுத்துட்டுப் போக என்ன வாங்கலாம்?

ஏரிக்காத்து | 11 பிப்ரவரி 2024, இரவு 9.20

பையனைப் பிடிச்சு உட்கார வைங்க. எம்.வி. கலங்காலா நகிவோகோவில் மதியம் 2-க்குக் கிளம்பும், தீவு போய்ச் சேர மூணரை மணி நேரம். திரும்பற கப்பல் மறுநாள் காலை 8-க்குத்தான்.

கிட்பேக் | 11 பிப்ரவரி 2024, இரவு 10.05

வாங்கறதுக்கு: வறுத்த காபிக்கொட்டை. ரோபஸ்டா இந்த நாட்டுக் காட்டிலேயே விளைஞ்ச செடி. நம்ம டிகாஷனுக்குக் கனமா நிக்கும், அராபிகாவைத் தேடாதீங்க. இன்னொண்ணு மரப்பட்டைத் துணி. முதுபாங்கிற அத்தி இன மரத்தின் உள்பட்டையை மழைக்காலத்தில் உரிச்சு, வரி வெட்டின மரச் சுத்தியலால் அடிச்சடிச்சு அகலமாக்கி வெயிலில் காய வைப்பாங்க, செங்கல் நிறம் வரும். உரிச்ச தண்டுக்கு வாழையிலை சுத்தி விடுவாங்க, பட்டை திரும்ப வளரும். 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்ச கைவேலை. துவைக்க முடியாது, சுவரில் மாட்டத்தான். வாங்கும்போது வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க: நார் ஓட்டமும் ஒட்டுப்போட்ட தையலும் தெரிஞ்சா கையால் அடிச்சது, ஒரே சீரா அச்சு விழுந்திருந்தா வேண்டாம். தந்தம், ஆமையோடு பக்கமே போகாதீங்க.

மருந்துப்பெட்டி | 12 பிப்ரவரி 2024, காலை 6.15

மஞ்சள் காய்ச்சல் அட்டை பாஸ்போர்ட்டோடவே இருக்கட்டும். உகாண்டா, காங்கோவிலிருந்து இந்தியா இறங்கும்போது கேட்பாங்க. அட்டை இல்லன்னா 6 நாள் வரை தனிமைப்படுத்தல். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லும். 2016-க்கு அப்புறம் ஆயுளுக்கும் ஒரே ஊசி. வீட்டிலிருந்து யாராவது பார்க்க வர்றாங்கன்னா சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம், முன்பதிவு பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க.

மழைக்காலத்தில்_வருபவன் | 9 ஏப்ரல் 2024, இரவு 8.30

பழைய இழையை எழுப்பறேன். மே முதல் வாரம் எனக்கும் இதே ஒரு நாள். இதே திட்டம் ஓடுமா?

ஏரிக்காத்து | 10 ஏப்ரல் 2024, காலை 7.00

மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை. மபாம்பாவை ரத்து பண்ண வேண்டாம், ஆனா படகுக்காரரிடம் முந்தின நாளே 'காலை வானம் கறுத்திருந்தா காசு வாபஸா, நேரம் மாத்தமா'ன்னு பேசி வைங்க. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீங்க. ஏரி மட்டம் ஏறினா கரையோர உணவகம், மணல் எல்லாம் தண்ணிக்குள் போயிடும், 2020-ல் அப்படித்தான் ஆச்சு. எந்தத் துறையில் படகு கட்டுறாங்கன்னு கேட்டுக்கோங்க. மழை விடலன்னா காலையில் வனவிலங்கு மையம், கூரை உள்ள இடம் அங்கேதான். பிளாஸ்டிக் மழைக்கோட்டு அங்கேயே சந்தையில் கிடைக்கும், போனுக்கு மட்டும் ஒரு ஜிப் பை எடுத்துட்டு வாங்க.

மழைக்காலத்தில்_வருபவன் | 10 ஏப்ரல் 2024, இரவு 9.10

மிஞ்சின ஷில்லிங்கை ஊரில் மாத்த முடியுமா?

கிட்பேக் | 10 ஏப்ரல் 2024, இரவு 9.30

நம்ம ஊர்க் கடையில் அதைச் சீந்த மாட்டாங்க. எண்டெபேயை விடும் முன்னாடியே டாலரா மாத்திடுங்க, ரசீதோட. சில்லறைக் காசை மாத்த மாட்டாங்க, அதுக்குத் தண்ணி பாட்டில் வாங்கிடுங்க.